அவர் வீட்டில் போட்ட பீட்டா

எங்கள் பனியன் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்க வருபவர் ஒல்லியான, நரைத்த மீசைக்காரர். எந்தக் கம்ப்யூட்டரைத் தொடும் முன்பும் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்வார்.

புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றின் பீட்டா, அதாவது வெள்ளோட்டத்துக்கு விட்டிருந்த பதிப்பு, எனக்கு ஒரு சிடியில் கிடைத்தது. என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டேன்.

“உங்க கம்ப்யூட்டர்ல என்னங்க இருக்குது?”

“அடுத்த வாரம் கட்டிங் போற ஆர்டருக்குத் துணி வெட்டுற பேட்டர்ன் அத்தனையும் இதுலதான் இருக்கு.”

“அப்ப வேண்டாமுங்க. மொதல்ல எங்க ஊட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டுச் சொல்றனுங்க.”

நான்கு நாள் கழித்து வந்தார். அவருடைய கம்ப்யூட்டர் பாதியில் நின்று, உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிட்டதாம். என் பேட்டர்ன்கள் பிழைத்தன என்று முதலில் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

“ஐயோ, வீட்டு போட்டோவெல்லாம்?”

“அதையெல்லாம் முன்னாடியே சிடில ஏத்தி வெச்சுட்டனுங்க.”

அப்போதுதான் முழுதாக மூச்சு வந்தது.

“எனக்காக இவ்வளவு சிரமப்பட்டிருக்கீங்களே.”

“உங்களுக்காக மட்டும் இல்லீங்க,” என்று கூச்சத்தோடு சிரித்தார். “புதுசைப் போட்டுப் பாக்கோணும்னு எனக்கும் ஆசை தாங்கலீங்க.”

அவர் மீது எனக்கு மரியாதை கூடியது, அந்த ஒரு வார்த்தையால்தான்.