ஜெறோமின் அம்மப்பா

ஜெறோமுக்கு நீலக்கண். திருகோணமலையில் பள்ளிக்கூடம் போன காலத்தில் "வெள்ளைக்காரன்ர பேரன்" என்று பழித்த ஒருவனின் முன்பல்லை உடைத்திருக்கிறான். அம்மாவின் தகப்பன் மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போய்விட்டார், அவ்வளவுதான் என்று நாற்பத்தைந்து வயதுவரை சாதித்தவன். அப்பேர்ப்பட்டவன் இப்போது மொன்றியலில், அந்த வெள்ளைக்காரனைக் கண்டுபிடிக்காவிட்டால் தலை தப்பாது என்ற நிலைக்கு வந்திருந்தான்.

தலை தப்பாது என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. அவன் தம்பி றூபனை வீட்டு வாசலில் வைத்து வாகனத்தில் ஏற்றிப் போனார்கள். ஏற்றியவர்களை ஜெறோம் பார்த்தான். பார்த்ததை விசாரணைக்குழு முன்னால் பெயரோடு சொல்லியும் விட்டான். றூபன் திரும்பவில்லை. ஏற்றியவர்கள் இன்றும் அதே ஊரில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறார்கள்.

ஓடிவந்த ஜெறோம் பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் நிலக்கீழ் அறையொன்றில் இருந்துகொண்டு, பக்கத்து நகரான லவாலில் ஒரு கேக் தொழிற்சாலையில் ஏழு வருடம் தட்டுக் கழுவினான். அகதி மனுவைத் தள்ளினார்கள். மேன்முறையீட்டையும் தள்ளினார்கள். தள்ளிய கடிதம் மட்டும் மிக மரியாதையான பிரெஞ்சில் இருந்தது. ஏப்ரல் இருபத்துமூன்றாம் திகதி அவனை ஊருக்கு விமானம் ஏற்றுவார்கள்.

அவனுடைய வழக்கறிஞருக்கு மொழிபெயர்க்கும் யோகேந்திரன் அண்ணைதான் அந்தக் கண்களைக் கவனித்தவர்.

"தம்பி, உம்மட அம்மப்பா இங்கிலாந்தில பிறந்த ஆளோ? அப்பிடியெண்டால் அந்த நாட்டுக்கு விசா கேக்கலாம். அவர் உம்மட அம்மம்மாவைக் கலியாணம் கட்டாட்டியும் பறவாயில்லை. பிறந்த இடம்தான் முக்கியம்."

கேட்பதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள், அம்மா பிலோமினா. வயது எண்பத்தொன்று. இரண்டு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். மூன்றாம் நாள் காலை, வேலைக்குப் போகுமுன் கேட்டேவிட்டான்.

"அம்மா, உங்கட அப்பா ஆர்?"

அங்கே திருகோணமலையில் பின்னேரம். மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஊர் எத்தனையோ கதைத்திருக்கிறது. முகத்துக்கு நேரே கேட்டது பெற்ற பிள்ளைதான். ஜெறோமுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ஏர்னஸ்ட் ஹோல்ட்," என்றாள். "நேவியில கிளாக்கரா இருந்தவர். என்ர ஞானஸ்நானப் பத்திரத்தில பேர் கிடக்கு. ஒருத்தருக்கும் காட்டேல்லை, மகன்."

பெட்டிக்குள் கிடந்த பத்திரத்தை அயல்வீட்டுப் பெண்தான் படமெடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. அயல்வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்தால் போதாதா? அடுத்த ஞாயிறு பூசைக்கு பிலோமினா போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை.

இங்கிலாந்தில் பரம்பரை தேடிக்கொடுக்கும் ஒருவருக்கு யோகேந்திரன் எழுதினார். பதில் ஏப்ரல் நாலாம் திகதி வந்தது. அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் வாசித்தார்.

"ஆள் வெள்ளைக்காரன்தான், தம்பி. அவற்ர தகப்பன் பீரங்கிப் படையில இருந்திருக்கிறார். ஏர்னஸ்ட் பிறந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து மூண்டு, திருகோணமலைக் கோட்டைக்குள்ள."

ஜெறோம் ஜாரி மெற்றோ நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்தான். மூன்று ரயில் வந்து போயின. வேலைக்குப் பிந்திவிட்டது, பிந்தினால் இனி என்ன? மேலே ஏறி வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தான்.

"அப்ப அவரும் எங்கட ஊரிலயே பிறந்தவர்?" குரலில் மெல்லிய சந்தோஷம் இருந்தது. ஒரு கணம்தான். "அது உனக்கு உதவாதோ, மகன்?"

"உதவாது, அம்மா."

அம்மா அடுத்த மூச்சிலேயே தொடங்கினாள்.

"பேனை இருக்கே? எழுது. அந்தப் பத்திரம் பிழை எண்டு சொல்லு. எங்கட அம்மாட்ட வேற வெள்ளைக்காரரும் வந்து போனவை எண்டு எழுது. நான் கையெழுத்து வைக்கிறன். இங்கிலாந்தில பிறந்த ஆளாப் பாத்து, ஒரு பேரை நீயே போடு."