கிறவலுக்குள் எடுத்த குழி

நளீருக்குக் கல்முனையில் வீடு கட்டப் படம் கீறிக் கொடுக்கிற வேலை. ஆனால் கக்கூசுக் குழிக்கு மண் தண்ணீரை உறிஞ்சுமா என்று பார்த்து எழுதிக் கொடுப்பதில்தான் அவருக்குப் பேர். வேறு ஆட்கள் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே காணியைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுப்பார்கள். நளீர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அலவாங்கு பிடித்துத் தோண்டுவார். நெஞ்சளவுக்குக் குழி எடுத்து, தண்ணீர் ஊற்றி ஊற விட்டு, மறுநாள் காலையில் திரும்பவும் ஊற்றி, அளவு பார்க்கிற அடிமட்டத்தை உள்ளே நிறுத்திவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பார். கடற்கரை மணலென்றால் தண்ணீர் மளமளவென்று இறங்கிவிடும். அதுவும் கூடாது, ஊத்தை அப்படியே கிணற்றுக்குப் போய்ச் சேரும். வயல் களிமண்ணென்றால் அசையவே அசையாது. மாப்பிள்ளைக்குக்கூட இந்த மனிசன் இவ்வளவு விசாரிக்கமாட்டார் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

அந்தப் பகிடி உண்மையாகிப்போனது. மகள் றுமானாவுக்குச் சம்பந்தம் சரிவந்தது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் இந்தப் பக்கத்தில் நிக்காஹ் ஏது? ஊருக்குள் ஒரு சாண் காணி மிச்சமில்லை. எல்லாரையும் போல நளீரும் மேற்கே வயலோரத்தில் கிறவல் மண் கொட்டி நிரப்பிய துண்டொன்றை வாங்கினார். குழாய்த் தண்ணீர் அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை, கிணறுதான். ஆகஸ்ட் வெயிலில் மண் பார்த்தார். மேலே நாலடி கிறவல், கீழே வயல் களி. அலவாங்கைக் களிக்குப் போக விடாமல் முழங்கால் அளவோடு நிறுத்திக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் ஓர் அங்குலம் இறங்கியது. பொருத்தமான மண் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். மாரியில் களிக்கு மேல் தண்ணீர் ஏறி நின்று குழி ஊத்தை கிணற்றுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் நாள் வைத்துவிட்டார்கள். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

அன்றைக்கு மரத்துப்போன மனசு பிறகு திரும்பவில்லை. கலியாண வீட்டுப் பிரியாணி வாயில் தவிடாக இருந்தது. முதல் மாரி மழை குறைந்து தப்பிப்போனது. அந்தக் கடதாசியை நம்பிப் பாத்தும்மா என்கிற விதவையும் பக்கத்துத் துண்டில் கட்டிக் குடிவந்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு.

இந்த வருடம் மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு நளீர் மகள் வீட்டுக்குப் போனார். யாரிடமும் கேளாமல் குழி மூடியைக் கிளப்பிப் பார்த்தார். விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. கிணற்றில் தண்ணீரும் அதே மட்டத்தில் நின்றது. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுக் கை கழுவினார்.

ஏழு மாத வயிற்றோடு றுமானா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள்.

"மகள், இது கிணத்துத் தண்ணியா?"

"இல்ல வாப்பா. ஒரு மாசமா அவர் ஊருக்குள்ள இரிந்து கேனில கொண்டு வாறார்." அவள் நிலத்தைப் பார்த்தாள். "கிணறு மணக்குது. ஒங்களுக்குச் சொன்னா தாங்கமாட்டீங்க. வெளிய தெரிஞ்சா ஒங்கட பேர் என்னத்துக்காகும்? நாங்க ஒருத்தருக்கிட்டயும் கதைக்கல்ல."

அழ வேண்டிய இடம்தான். நளீருக்கு அழுகை வரவில்லை, வெட்கம்கூட வரவில்லை.

"ஒருத்தருக்கிட்டயும் எண்டா, பாத்தும்மா ராத்தாவுக்கும் சொல்லல்லயா?"

றுமானா பிளேன்டீக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். வெளியே கிணற்றடியில் வாளி விழும் சத்தம் கேட்டது. நளீர் எழும்பினார்.

"வேணாம் வாப்பா, இரிங்க!"

அவர் போய்ப் பாத்தும்மாவின் கையிலிருந்த வாளியை வாங்கி நிலத்தில் ஊற்றினார்.

"இதக் குடிக்க வேணாம் ராத்தா. கக்கூசுத் தண்ணி கலந்திட்டு."

"என்ன தம்பி கதைக்கிறீங்க? நல்ல மண்ணெண்டு நீங்கதானே எழுதின?"

"ஓம். தெரிஞ்சுதான் பொய்யா எழுதினன்."

பாத்தும்மா வெறும் வாளியைப் பார்த்தாள். "என்ட சின்னவள் ஒரு கிழமையா வயித்தோட்டத்தில கிடக்காள்" என்றாள். பிறகு வாசற்படியில் நின்ற றுமானாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப ஒங்கட மகளும் இதத்தானே குடிக்கிற?"

றுமானா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நளீர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்ல ராத்தா," என்றார். "அவ ஒரு மாசமாக் குடிக்கல்ல."