மஞ்சள் ஊறிய வெள்ளைச் சட்டைகள்

கரி இஸ்திரிப்பெட்டியின் சூடு ஈரத்துணியில் பட்டதும் எழுகிற அந்த வாசனை, சோற்றுக் கஞ்சியும் புகையும் கலந்தது, எங்கிருந்தாவது வந்தால் போதும், நான் காஜா பெராங் தெருவில் அப்பாவின் தையற்கடைக்குள் பத்து வயதுக்காரியாக நின்றுகொண்டிருப்பேன். அப்பா துணி வெட்டுவதோடு சரி; தைப்பதெல்லாம் வெளியாட்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்து, மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுக்கும் இந்த ஏற்பாட்டை எங்கள் பக்கம் 'போரோங்' என்பார்கள். அவர்களில் கிளேபாங்கிலிருந்து வரும் பாக்கியம் அக்காவின் தையல்தான் நேர்த்தி. கணவரை இழந்து, அந்த ஒரு தையல் மெஷினை நம்பியே இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவர்.

சுதந்திரம் வரப்போகிற ஆண்டு அது. 'மெர்டேகா' என்ற மலாய்ச் சொல்லே ஊரெங்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, ஊர்வலத்தில் வாசித்துப்போகும் ஒரு பள்ளிக்கூடப் பேண்டுக் குழுவுக்கு இருபத்து நான்கு வெள்ளைச் சட்டைகள் தைக்கும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. பெரிய கடைகளை விட்டுவிட்டு நம்மிடம் வந்திருக்கிறார்களே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்க் காப்பிக்கடையில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார். ஊர்வலத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, மழையில் நனைந்து பஸ்ஸில் வந்த பாக்கியம் அக்கா மூட்டையை மேசையில் வைத்து அவிழ்த்தார். மேலாக இருந்த சட்டையின் நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். அடுத்ததிலும் மஞ்சள். புரட்டப் புரட்ட இருபத்து நான்கிலும் மஞ்சள்.

புதுத்துணியில் மஞ்சள் தொட்டு வைக்காமல் எங்கள் ஆட்கள் உடுத்த மாட்டார்கள். கல்யாணச் சட்டைகளுக்கு அப்பாவே வைக்கச் சொல்வதும் உண்டு. அந்தப் பழக்கத்தில் அக்கா ஒவ்வொரு காலருக்கும் உள்ளே ஒரு சொட்டு வைத்திருக்கிறார். வழியில் மூட்டைக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, மடித்திருந்த சட்டைகளில் சொட்டெல்லாம் நெஞ்சுவரை ஊறிப் பரவிவிட்டது.

"சுதந்திரத்துக்குப் போடுற சட்டையாச்சேண்ணே, வெறுமனே குடுக்க மனசு வரல" என்றார் அக்கா. இந்த வேலை கைவிட்டுப் போனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது என்பது எனக்கே தெரியும்.

அப்பாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பித்தான் இடம் மாறினாலே கத்திரிக்கோலை விட்டெறிகிற மனிதர். அன்றும் எறிந்தார். மேலாக இருந்த சட்டையைப் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்குப் போய், சவுக்காரம் போட்டு வெறியோடு தேய்த்தார். மஞ்சள் போகவில்லை, சிவப்பாக மாறியது. அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர், என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். "நீ ஒரு கலர் குடுத்தே, நான் ஒரு கலர் குடுத்துட்டேன். இனி யாரு யாரத் திட்டுறது?"

அம்மாதான் எலுமிச்சம்பழக் கூடையோடு வந்தார். "சவுக்காரத்தக் கிட்டயே கொண்டு போகாதீங்க. புளிப்புத் தண்ணியில நனைச்சு வெயில்ல போடுங்க, வெளுத்துடும்." கடைக்குப் பக்கத்துச் சந்தில் கயிறு கட்டி, நனைப்பதும் காயவைப்பதுமாக இருந்தோம். அக்கா பிள்ளைகளைக் கூட்டிவந்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். தெங்கேரா பக்கமிருந்து ஒரு மேகம் நகர்ந்தாலும் எனக்கு அழுகை வந்தது.

இரண்டாம் நாள் பேண்டு ஆசிரியர், கண்ணாடி போட்ட சீனர், வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தவர், சந்தில் தொங்கிய மஞ்சள் சட்டைகளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். யார் பார்த்த வேலை இது என்று மலாயில் கேட்டார். கயிற்றுக்குப் பின்னால் ஈரக்கையோடு பாக்கியம் அக்கா நின்றுகொண்டிருந்தார். அப்பா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சாலா சாயா" என்றார். என் தப்பு என்று அர்த்தம். மழையைச் சொல்லவில்லை, மஞ்சளைச் சொல்லவில்லை, அக்காவைச் சொல்லவில்லை.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் இருபத்து மூன்று சட்டைகள் வெளுத்திருந்தன. சவுக்காரம் பட்ட ஒன்று மட்டும் தேறவில்லை. மிச்சத் துணியில் அப்பா புதிதாக ஒன்றை வெட்டி அக்காவிடமே நீட்டினார்.

"திரும்பவும் என்கிட்டயாண்ணே?"

"வேற யாருகிட்ட? மஞ்சள மட்டும் நல்லாக் காயவச்சுக் கொண்டா."

ஊர்வலத்தில் அந்த ஒரு சட்டையைத் தேடித் தேடிப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. எனக்கு அப்பாவை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

இன்று அந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. பக்கத்துச் சந்துக்குச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். நானும் பின்னாளில் ஆயர் குரோவில் திரைச்சீலைக் கடை வைத்தேன். வீட்டில் வைத்துத் தைத்துத் தரும் ஒரு பெண், ஓர் அலுவலகத்துத் திரைகளையெல்லாம் ஒரு முழம் குட்டையாக வெட்டிவிட்டாள். யார் செய்தது என்று வாடிக்கையாளர் கேட்டதுதான் தாமதம், பக்கத்தில் நின்றவளை நான் கைகாட்டிவிட்டேன். அவள் படியிறங்கிப் போய்விட்டாள். திரைகளுக்கு அடியில் பட்டை வைத்துத் தைத்து அந்த வாரமே சரிசெய்துவிட்டோம்.

அவள் மறந்துவிட்டுப் போன அளவுநாடா இன்னும் என் இழுப்பறையில் கிடக்கிறது. வந்து கேட்டால் கொடுக்கும்போது சொல்வதற்கென்று அப்பாவின் அந்த இரண்டு சொற்களையும் வைத்திருக்கிறேன். அவள் வரவில்லை.