மோடம் விலகக் காத்திருந்த ஜேடர்பாளையம்

சண்டைக் காலத்தில் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாளே என்று நினைக்க வேண்டாம். என் தங்கை பாவாயியைக் கையோடு சேலத்துக்கு அழைத்து வரத்தான் ஜேடர்பாளையம் போனேன். கார்த்திகை மாதம் முடியப் போகிற சமயம். எங்கள் வீட்டுக்காரர் கணக்கெழுதும் மில்லில் பாவாயி புருஷன் நாச்சிமுத்துவுக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார். மார்கழி பிறந்ததும் ஆள் வந்து நிற்க வேண்டும். அதற்கு நாச்சிமுத்து சொல்லியனுப்பிய பதில் இதுதான்: "இந்தச் சம்பா பதராப் போச்சுன்னா பொஞ்சாதியோட வாரேன். நெல்லாச்சுன்னா இங்கயே இருந்துக்கறனுங்க."

சேலத்தில் நாங்கள் குடியிருக்கும் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குச் சொந்தமென்று ஒருவரும் கிடையாது. பாவாயி பக்கத்தில் வந்துவிட்டால் பேச ஆள் கிடைக்கும். அதற்காக அவர்கள் பயிர் பதராகட்டும் என்று நான் சாமி கும்பிடவில்லை. ஆனால் பதராகிவிட்டால் பெரிதாக அழவும் மாட்டேன், அவ்வளவுதான். பர்மா அரிசி நின்றுபோய் ஊரெல்லாம் கேப்பையையும் ரேஷன் கார்டையும் நம்பி இருந்த நாளில் இப்படி நினைப்பது நியாயமில்லை என்று எனக்கே தெரியும்.

சேலத்திலிருந்து நாமக்கல் முப்பத்து மூன்று மைல். பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரிப் புகையில் ஓடும் கரி பஸ். காலை ஏழு மணிக்குக் கிளம்பும் என்பார்கள், நம்பி ஏழு மணிக்குப் போகாதீர்கள். கரி பிடித்துப் புகை வந்து கண்டக்டர் விசிறியைச் சுற்றி முடிக்க எட்டாகிவிடும். டிக்கெட் பதினோரு அணா. பின் இருக்கையில் உட்கார்ந்தால் புகை இலவசம். ராசிபுரம் தாண்டி ஒரு மேட்டில் வண்டி மூச்சு வாங்கி நின்றது. "ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்க, பொம்பளைங்க உக்காந்துக்குங்க" என்றார் டிரைவர். இறங்கியவர்களில் பாதிப் பேர் தள்ளுவதுபோல் கையை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தார்கள். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நாமக்கல்லில் இறங்கும்போது பதினொன்றரை. மலைக்கோட்டையின் தலை மோடத்துக்குள், அதாவது மழை மேகத்துக்குள், போயிருந்தது. ஒரு வாய் மோரைக் குடித்துவிட்டு வேறு பஸ் பிடித்து பரமத்தி வந்தேன். அதற்கு நாலணா. அங்கிருந்து ஜேடர்பாளையத்துக்கு மாட்டுவண்டிதான், ஒன்பது மைல் இருக்கும். கால்நடையாகப் போகிற துணிச்சல்காரர்களும் உண்டு. எனக்கு முழங்கால் வலி.

வழியெல்லாம் வாய்க்கால், இரண்டு பக்கமும் நெல். எங்கள் பிறந்த ஊர் வெண்ணந்தூர்ப் பக்கத்து மேட்டாங்காடு. சோளமும் கேப்பையும் பார்த்து வளர்ந்தவளுக்கு இத்தனை தண்ணீரைப் பார்த்தால் கண் நிறைந்துவிடும். காற்றே இல்லை. லேசாக ஒரு தூறல் போடும், நிற்கும், மறுபடி போடும். ஊரை நெருங்க நெருங்க ஒரு கெட்ட வாடை வந்தது. மூட்டைப்பூச்சியை நசுக்கினால் வருமே, கிட்டத்தட்ட அதே வாடை.

"என்னங்க இது, இப்படி நாறுது?" என்று வண்டிக்காரரைக் கேட்டேன்.

"நாவாய்ப் பூச்சிங்க. நெல்லுல பாலக் குடிக்கறது. நாலு நாளா மோடம் உடவே இல்லீங்களே" என்றார் அவர், மாட்டை ஓட்டிக்கொண்டே.

நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் எங்கள் ஊர் வழக்கப்படி, "நல்ல மோடமா இருக்குதே, ஊருக்குள்ள காலடி வெச்சதும் மழ!" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டேன். மேட்டாங்காட்டில் விருந்தாளி சொல்லக்கூடிய நல்ல வார்த்தை அதைவிட வேறில்லை. வாசலில் நின்ற நாச்சிமுத்துவின் முகம் சுருங்கிப்போனது. பக்கத்து வயல்காரி ராமாயி, நாற்பது வயதுக்காரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்கக்கா வாய்ல சக்கரயப் போடு பாவாயி. வேற ஏதாச்சும் சொல்லீரப் போறாங்க" என்றாள்.

பாவாயி சிரித்துவிட்டாள். "கோவிச்சுக்காதீங்க ராமாயக்கா. போன வருசம் நட்டுட்டுத் தண்ணி வராம நாங்களும் இப்படித்தான் மோடத்தப் பாத்துக் கும்புட்டோம்."

அன்று சோறு தின்றுகொண்டே பாவாயி எனக்கு விஷயத்தைச் சொன்னாள். கதிர் வந்து, பூ உதிர்ந்து, நெல்லுக்குள் பால் கட்டும் நாட்கள்தான் ஆபத்தானவை. பச்சையாய், மெலிந்து, நீண்ட காலோடு இருக்கும் இந்தப் பூச்சி அந்தப் பாலை உறிஞ்சிவிடும். மிஞ்சுவது பதர். வெயில் சுள்ளென்று அடித்தால் பூச்சி பயிரின் தூருக்கும் வரப்புப் புல்லுக்கும் போய் ஒளிந்துகொள்ளும், காலையிலும் பொழுதோட, அதாவது சாயங்காலத்திலும் மட்டும்தான் மேலே வரும். மோடம் போட்டுக் காற்றில்லாமல் புழுங்கினால் அதற்கு நாள் முழுக்க விருந்து. வெயில் இல்லாததால் பாலும் சீக்கிரம் இறுகாது. ஒரே மோடம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

அவர்களுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. வயல் கடைமடை. வாய்க்கால் தண்ணீர் எல்லோருக்கும் பாய்ந்து கடைசியாக வந்ததால் நடவு பிந்திவிட்டது. ஊரில் மற்றவர்கள் நெல்லெல்லாம் இறுகிவிட்டது. பால் இருந்தது இவர்கள் வயலில் மட்டும்தான். ஊர்ப் பூச்சி மொத்தமும் இங்கே வந்து இறங்கியிருந்தது. முன்பெல்லாம் பொழுதோட வரப்பில் பந்தம் கொளுத்திப் பூச்சியை அதில் விழவைப்பார்களாம். சண்டை வந்தபின் மண்ணெண்ணெய் வீட்டு விளக்குக்கே போதவில்லை.

காவிரிக்கரை என்பதால் நான் ஒரு கொசுவலை கொண்டு போயிருந்தேன். துணி கிடைக்காத காலத்தில் அது எங்கள் வீட்டுப் பெரிய சொத்து. பாவாயி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், கேட்க வாய் வரவில்லை. மனசு சங்கடப்பட்டு, "வெட்டிக்க கண்ணு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுநிமிடமே வலையின் விலையை மனசுக்குள் கணக்குப் போட்டேன். நாச்சிமுத்து மூங்கிலை வளைத்துக் கட்ட, பாவாயி வலையைப் பைபோல் தைத்தாள். காலையில் கதிர் நுனியோடு அதை வீசிக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு நடைக்கு ஒரு படி பூச்சி விழும். குழியில் கொட்டி, மிதித்து, மண்ணைத் தள்ளுவோம். கையும் சேலையும் நாறும். அந்தக் கையால் சாப்பிட முடியாமல் முதல் நாள் நான் கரண்டியால் தின்றேன், அதற்கு ஊரே சிரித்தது.

இரண்டாம் நாள் ஒரு சண்டை வந்தது. ராமாயி தன் வரப்பில் புல் அறுக்க அரிவாளோடு வந்தாள். நாச்சிமுத்து சேற்றில் விழுந்தடித்து ஓடினார்.

"அருவா வெக்காதீங்க! புல்லுல பூராவும் நாவாயி. அறுத்தா அத்தனையும் இங்கதான் வரும்."

"அப்ப என்ற மாடு உங்க நெல்லு பழுக்கற வரைக்கும் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கோணுமா?"

"ஒரு நாலு நாளுங்க."

"நான் நட்டப்பவே நீங்களும் நட்டிருக்கோணும்."

"கடமடைக்குத் தண்ணி எப்ப வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

ராமாயி வயல் இவர்களுக்கு முந்தின மடை. தண்ணீர் முதலில் அவளுக்குத்தான் பாயும். அரிவாளைக் கையில் உருட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "அந்த வலையக் கொண்டாங்க சாமி. மொதல்ல புல்லுல ஓட்டுவோம், பொறவு அறுக்கறேன்." நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வரப்பு முழுக்க வலையை இழுத்தோம். வழியெல்லாம் பூச்சியையும் என்னையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே வந்தாள். அன்று சாயங்காலம் குழியை மிதிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது, நான் யார் பக்கம் நின்று மிதித்துக்கொண்டிருக்கிறேன் என்று. ஒரு பூச்சி தப்பினால்கூட ஆத்திரம் வந்தது.

அடுத்த நாளும் மோடம். நாச்சிமுத்து சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "வேலைக்கு என்னைக்கு வந்து நிக்கோணும்னு சொன்னீங்கக்கா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை. தேதியைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

அதற்கு மறுநாள் விடிகாலையில் வாடைக் காற்று எழுந்தது. போர்வைக்குள் கால் விறைத்தது. வெளியே வந்தால் வானம் துடைத்த மாதிரி இருந்தது. எட்டு மணிக்குள் சுள்ளென்று வெயில். வயலில் வலையை வீசினால் நாலைந்து பூச்சிதான் விழுந்தது. இரண்டு நாள் அதே காற்று, அதே வெயில். மூன்றாம் நாள் பாவாயி ஒரு கதிரை உருவி வந்து என் எதிரே நின்று ஒரு நெல்லை நகத்தால் அழுத்தினாள். இன்னொன்று. மறுபடி ஒன்று.

"பால் வரலீங்கக்கா" என்றாள். "அரிசியாயிருச்சு."

வரப்போரம் இரண்டு பாத்தி பதர்தான். மீதி தேறிவிட்டது. பாவாயி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், நானும் அழுதேன். என் அழுகையில் பாதி வேறு காரணத்துக்கு.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தை பிறந்தபின் போங்கள், அறுப்பு நடக்கும், கொசு குறைந்திருக்கும், காவிரித் தடுப்பணைப் பக்கம் நல்ல மீன் கிடைக்கும். கார்த்திகையில் போவதென்றால் குடையைவிடக் கம்பளி முக்கியம். பரமத்தியில் மாட்டுவண்டியை மதியத்துக்குள் பிடித்துவிடுங்கள், பிறகு கிடைக்காது. ஊருக்குள் நுழையும்போது மழையைப் பற்றி வாய் திறக்காதீர்கள். முதலில் கதிர் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். நட்டுத் தண்ணீருக்குத் தவிக்கும் நாளில் மோடம் தெய்வம், பால் கட்டும் நாளில் அதே மோடம் எமன்.

மில் வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார். நான் தனியாகத்தான் கரி பஸ்ஸில் திரும்பினேன். இப்போதும் கார்த்திகை மாதம் செவ்வாய்ப்பேட்டையில் காலையில் வானம் இருண்டால் வாசலுக்கு வந்து நின்று, கடைமடையில் வெயில் அடிக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வெயில் அடித்தால் பாவாயி என் பக்கத்தில் வந்து குடியிருக்கவே மாட்டாள் என்று தெரிந்தேதான் வேண்டிக்கொள்கிறேன்.