ஐந்து எழுத்து, இரண்டாவது ஏ

மாடிப்படிக்கு அடியில் ஒரு கட்டில் போடுகிற அளவுதான் இடம். அதற்குள் சாவி வெட்டும் மிஷின், சாவிகள் தொங்கும் பலகை, ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல். முன்னால் இருப்பது பூட்டுக்காரருடையது. பலகைக்குப் பின்னால் இருப்பது அவர் மனைவியுடையது. தெருவில் அவளுக்கு அகராதி என்று பேர். வார்த்தை தெரிந்தவள் என்பதற்காகப் பாதி, வீம்பு பிடித்தவள் என்பதற்காகப் பாதி. இரண்டிலும் பொய் இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். பகல் முழுக்கத் தட்டித் தட்டி, எந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு எத்தனை எழுத்து, எது எங்கே உட்காரும் என்பதெல்லாம் விரலில் ஏறிவிட்டது. யாருக்கும் பயன்படாத வித்தை என்றுதான் நினைத்திருந்தாள், பூட்டுக்காரருக்கு வாழ்க்கைப்படும்வரை.

எழுத்துப் பூட்டுக்குச் சாவி கிடையாது. ஐந்து வளையம், வளையத்துக்குப் பத்து இங்கிலீஷ் எழுத்து. வைத்தவர் வைத்த வார்த்தை வரிசையாக வந்து நின்றால்தான் திறக்கும். ஜனங்கள் பூட்டுவதில் சூரர்கள். மறப்பதில் அதைவிடப் பெரிய சூரர்கள். பூட்டுக்காரர் கொக்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டு வளையங்களை உருட்டுவார். ஒன்றிரண்டு எழுத்தில் விரல் லேசாகத் தடுக்கும். அத்தோடு அவர் கைவரிசை தீர்ந்தது. மிச்சத்தை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தால் பொழுது போய்ச் சேர்ந்துவிடும். அதனால், "அஞ்செழுத்து, மூணாவது ஐ, கடைசி டி" என்று குரல் கொடுப்பார். பலகைக்குப் பின்னாலிருந்து வார்த்தைகள் வர ஆரம்பிக்கும். சில சமயம் கேள்வியும் வரும்: "அவர் நாய் வளக்கிறாரா? பாட்டு கேப்பாரா?" ஏதாவது ஒன்றில் பூட்டு வாயைத் திறந்துவிடும். இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரு எழுத்துப் பூட்டைக்கூட வெட்டியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

நேற்று எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடைக்காரர் அரட்டையடிக்க வந்தார். பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா தினமும் உள்ள என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

"அவளா? சும்மா, துணைக்கு உக்காந்திருக்கா" என்றார் பூட்டுக்காரர்.

அந்தச் சும்மாதான் அவளைச் சுட்டது. சண்டையில் சொல்லியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பாள். யோசிக்காமல், பல்குத்தக் குச்சி கேட்பதுபோல் சொன்னார். அப்படியானால் அவர் மனசுக்குள் அவள் அவ்வளவுதான். இன்று காலையில் கடையைத் திறக்கும்போதுதான் பேசினாள்.

"எங்க அக்கா ரொம்ப நாளா கூப்பிட்டுட்டே இருக்கா. பேரப்பிள்ளையப் பாத்துக்க ஆள் வேணுமாம். அடுத்த வாரத்துலேர்ந்து அங்க போறேன். அங்கயாவது எனக்கு ஒரு வேலை இருக்கும்."

பூட்டுக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. சாவிகளை எடுத்துப் பலகையில் மாட்ட ஆரம்பித்தார். வார்த்தைப் பஞ்சம் அவருக்கு எப்போதுமே உண்டு.

கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வந்தாள், வெள்ளை உடுப்போடு, கையில் ஒரு பெட்டி. "எங்க தம்பியோடது, அண்ணா. அவன் கப்பல்ல இருக்கான், போன் கிடைக்கல. கப்பல் ஏறும்போது அவனே எடுத்து அனுப்பச் சொன்ன சர்டிபிகேட் உள்ள மாட்டிக்கிச்சு, பூட்டோட வார்த்தையச் சொல்ல மறந்துட்டான். ஆசையா வாங்கின பூட்டு. வெட்டாம திறந்து குடுங்களேன்."

பூட்டுக்காரர் உருட்டினார். பழக்க தோஷம், தலை தானாகப் பலகைப் பக்கம் திரும்பியது. "அஞ்செழுத்து. ரெண்டாவது ஏ, நாலாவது ஈ. மத்ததெல்லாம் பிடி குடுக்கல."

பலகைக்குப் பின்னால் சத்தமே இல்லை.

அவரே ஆரம்பித்தார். கப்பல் என்றதும் வாட்டர். திறக்கவில்லை. அவள் நாக்கு நமநமத்தது. பேப்பர், லேசர், கேம்ஸ், வேவ்ஸ் என்று வார்த்தைகள் முட்டிமோதிக்கொண்டு வந்தன. உதட்டைக் கடித்துக்கொண்டாள். "செய்லர்" என்றார் அவர் பெருமையோடு. அது ஆறு எழுத்து! அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கினாள்.

கடைசியில் அவர் கை கட்டரைத் தேடிப் போனது. எடுத்தவர், நர்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி மேஜையில் வைத்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும்மா. எனக்கு விரல் மட்டும்தான் வேலை செய்யும். வார்த்தை கண்டுபிடிக்கிறது உள்ள இருக்கிற எங்க வீட்டம்மா. அவ இல்லன்னா இந்தக் கடையில வெறும் சாவிதான் வெட்டலாம்."

அவள் கடித்திருந்த உதட்டை விட்டாள். கோபம் மட்டும் அடங்கவில்லை. ஆனால் அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?

"தம்பி கப்பல்ல என்ன வேலைம்மா பாக்கிறார்?" என்றாள் பின்னாலிருந்து.

"சமையல்கட்டுல. ரொட்டி, கேக்கெல்லாம் அவன்தான் சுடுவான்."

"பேக்கர் போடுங்க."

பூட்டு திறந்துகொண்டது. நர்ஸ் பலகையைச் சுற்றி உள்ளே வந்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள்.

"இன்னும் கோவமா?" என்றார் பூட்டுக்காரர் மெல்ல.

"நேத்து கேட்டது இந்தப் பொண்ணு இல்லையே."

அவர் எதிர்ச்சாரியைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். பட்டப்பகலில் கடையைவிட்டு இறங்காத மனிதர், வண்டிகளுக்கு நடுவே தெருவைக் கடந்தார். ஸ்டூலை வாசல்வரை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பார்த்தாள். பஸ் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. அவர் விரலைக் காட்டினார், நெற்றியைத் தொட்டார், பிறகு இந்தப் பக்கம் கை நீட்டினார். ஜெராக்ஸ் கடைக்காரர் திரும்பி அவளையே பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

பூட்டுக்காரர் திரும்பி வந்தார், வேர்த்து விறுவிறுத்து.

"எங்க போனீங்க?"

"ஒரு ஜெராக்ஸ் எடுக்கணும்னு போனேன்."

கையில் துண்டுக் காகிதம்கூட இல்லை. வாசலில் கிடந்த அவள் ஸ்டூலைப் பார்த்தார். சாவி மிஷினை இடுப்பு வலிக்க நகர்த்தி, தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் அவள் ஸ்டூலுக்கு இடம் பண்ணினார்.

அவள் அங்கே உட்கார்ந்துகொண்டு போனை எடுத்தாள்.

"அக்கா, வேற ஆள் பாத்துக்கோ. எனக்கு இங்க வேலை இருக்கு."