வட்டக்கச்சிக்குப் போய்வந்த துளையட்டைப் பெட்டி

வெள்ளிக்கிழமை காலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் வடக்கே போகும் புகைவண்டியில் ஏறியபோது என் மடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. தலைக்கு மேலே தட்டில் இடம் இருந்தது, இருக்கைக்குக் கீழும் இருந்தது. ஆனாலும் கிளிநொச்சி வரும்வரை அதை மடியை விட்டு இறக்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பயம் என் கூடப்பிறந்தது. அன்றைக்கு அதற்கு நல்ல காரணமும் இருந்தது.

பெட்டிக்குள் துளையட்டைகள் இருந்தன. அது அறுபதுகளின் தொடக்கம். கொழும்பில் சில பெரிய அலுவலகங்களில், எங்கள் பேச்சில் கந்தோர்களில், மட்டும் கணக்கிடும் இயந்திரங்கள் வந்திருந்தன. அப்படியொரு கந்தோரில் அட்டைகளுக்குத் துளையிடும் பிரிவுக்கு நான் பொறுப்பு. பெண்கள் தட்டச்சுப் பொறி போன்ற ஒன்றின் முன் அமர்ந்து விசைகளைத் தட்டுவார்கள், மெல்லிய அட்டையில் சிறுசிறு துளைகள் விழும். எந்த இடத்தில் துளை விழுந்திருக்கிறது என்பதைக் கொண்டு இயந்திரம் பெயரையும் அளவையும் அறிந்து, கூட்டிக் கழித்து அச்சடித்துத் தரும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டிருக்கும். ஓர் அட்டை தலைகீழாக நின்றால் அதைப் பார்த்தே பிடித்துவிடலாம்.

என் மடியில் இருந்தவை, அரசாங்கம் வயற்காணி கொடுத்த வட்டக்கச்சிக் குடியேற்றத்தின் அட்டைகள், குடும்பத்துக்கு ஒன்று. மழைக்கால விதைப்பான காலபோகத்துக்கு யாருக்கு எத்தனை புசல் விதைநெல் என்று திங்கட்கிழமை காலையில் இயந்திரம் சீட்டு அச்சடிக்கவேண்டும். சீட்டுப் போனால்தான் களஞ்சியத்தில் நெல் அளப்பார்கள். முதல் மழைக்கு முன் நெல் வீட்டில் இருக்கவேண்டும். திங்களைத் தவறவிட்டால் இயந்திரம் மற்றப் பிரிவுகளின் வேலையை முடித்து எங்களிடம் திரும்பி வர ஒரு மாதம் ஆகும், வன்னி மழை அதுவரை காத்திருக்காது.

எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. மூல அட்டை கந்தோரை விட்டு வெளியே போகாது, அதன் படிதான் போகும். ஆனால் படியெடுக்கும் இயந்திரம் அந்த வாரம் பார்த்துப் பழுதாகிக் கிடந்தது. ஊரைவிட்டுப் போனவர்கள் யார், வயலைப் பிரித்தவர்கள் யார் என்று குடியேற்றத்திலேயே வைத்துச் சரிபார்க்கவும் வேண்டியிருந்தது. “நீரே கொண்டுபோய் நீரே கொண்டுவாரும்” என்றார் மேலதிகாரி. சொல்வது அவருக்குச் சுலபம்.

அனுராதபுரம் தாண்டியதும் வானம் கறுக்கத் தொடங்கியது. வவுனியாவில் ஏறிய ஒருவர் எனக்கு எதிரே அமர்ந்தார். ஆனையிறவு உப்பளத்தில் வேலையாம். என்னைவிட அவர்தான் யன்னலால் அதிகம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இண்டைக்குப் பெய்தால் எங்கடை உப்பெல்லாம் கரைஞ்சுபோம், பிள்ளை” என்றார். பிறகு என் பெட்டியைப் பார்த்தார். “மடியிலை என்ன, கலியாணக் கேக்கோ?”

“இல்லை. அட்டையள்.”

“அட்டைக்கோ இவ்வளவு காவல்?”

“இதுவும் நனையக் கூடாது.”

“அப்ப நீங்களும் எங்கடை ஆள்தான்” என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேருமாக மேகத்தைக் காவல் காத்தோம்.

கிளிநொச்சியில் இறங்கியபோது பின்நேரம். மழை இல்லை. வட்டக்கச்சிக்கு ஐந்தாறு மைல், வாடகைக் கார் மூன்று ரூபா. பெட்டியைப் பின்னால் வைப்போமா என்று சாரதி மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் மறுத்தேன். “நகையெண்டாலும் இப்பிடிக் கட்டிப்பிடிக்க மாட்டினம்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார். செம்மண் வீதி. இரு பக்கமும் உழுதுபோட்ட வயல், வெறும் கட்டி. இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் குறைவாக ஓடியது. எல்லா வயலும் நெல்லுக்குக் காத்துக்கிடப்பதைப் பார்த்துப் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

தனியாக வந்த பெண் என்பதால், குடியேற்றத்தின் ஓவசியர் செல்லத்துரை எனக்குப் பரமேஸ்வரி அக்கா வீட்டில் தங்க ஒழுங்கு செய்திருந்தார். அக்கா வடமராட்சியிலிருந்து காணி கிடைத்து வந்தவர். கணவர் இறந்தபின் மூன்று ஏக்கர் வயலையும் தானே செய்விக்கிறார், மாதர் சங்கத் தலைவியும் அவர்தான். “வாங்கோ தங்கச்சி, கதிரையிலை இருங்கோ” என்று சொல்லிக்கொண்டே குசினிக்குள் போய்த் தேத்தண்ணீரோடு வந்தார். போன வருடம் நெல் பிந்தி வந்து, விதைத்த கையோடு வெள்ளத்தில் அழுகியதாம். அதைச் சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார்.

சனிக்கிழமை பகல் முழுவதும் ஓவசியரின் சிறிய கந்தோரில் சரிபார்ப்பு. பெயர் அட்டையின் மேல் ஓரத்தில் அச்சாகியிருந்ததால் ஒவ்வொருவரும் தங்கள் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். காற்று அடித்தபோதெல்லாம் நான் இரண்டு கைகளாலும் மேசையைப் பொத்தினேன்.

ஒருவர் தன் அட்டையின் துளைவழியே என்னையே பார்த்தார். “ஓட்டைச் சாக்காலை நெல்லுக் கொட்டுப்பட்டது எங்களுக்குத் தெரியும். ஓட்டை அட்டையாலை நெல்லு வருமெண்டு இப்பதான் கேக்கிறன்” என்றார். கந்தோர் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அட்டை என் கைக்குத் திரும்பி வந்த பிறகுதான்.

மாலையில் வேலை முடிந்தது. ஊரைவிட்டுப் போனவர்களின் அட்டைகளை எடுத்துவிட்டோம், மற்றவை சரி. பெட்டியை அக்காவிடம் கொடுத்து, “நல்ல துப்புரவான இடத்திலை வையுங்கோ அக்கா. ஒரு சொட்டுத் தண்ணியும் படக் கூடாது” என்று சொல்லிவிட்டு முகம் கழுவி வரக் கிணற்றடிக்குப் போனேன். இரண்டு நாளில் முதல்முறையாகப் பெட்டியை விட்டு விலகியது அப்போதுதான்.

திரும்பி வந்தபோது விறாந்தையில் அடுத்த வீட்டுப் பெண்களின் செருப்புகள் கிடந்தன. உள்ளே சாமி அறை வாசலில் பெரிய ஓலைப்பாய் விரித்து, பாய் நிறைய என் அட்டைகள். நாலைந்து பெண்கள் சுற்றி இருந்தார்கள். நடுவில் ஒரு கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். அட்டை அட்டையாக எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சளைத் தொட்டுத்தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். முக்கால்வாசி முடிந்திருந்தது.

“ஐயோ அக்கா!” என்று நான் போட்ட சத்தத்தில் ஒருத்தியின் கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது.

“ஏன் தங்கச்சி? நீங்கள் சொன்னபடி துப்புரவான இடமெண்டு சாமி அறையிலைதான் வைச்சனான். பாத்தால் எல்லா அட்டையும் ஒரு மூலை வெட்டுப்பட்டு மூளியாக் கிடக்கு. விதைநெல்லு வாற அட்டை, அதை மூளியா அனுப்பலாமோ? கலியாணக் கடிதத்துக்கே மஞ்சள் வைக்கிறம்.”

“தண்ணி படக் கூடாதெண்டு சொன்னனான் எல்லோ!”

“தண்ணியே தொடேல்லை. பன்னீரிலை குழைச்சனான்” என்றார் அக்கா, மிகவும் பணிவாக.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. யாரைத் திட்டுவது? ஈரம் பட்ட மூலை ஊதும், காய்ந்தால் சுருளும். சுருண்ட அட்டையை இயந்திரம் விழுங்காது, கடித்துக் கிழித்துவிட்டு நின்றுவிடும். இதைச் சொன்னேன். நெல் பிந்தும் என்பதையும் சொல்லவேண்டியிருந்தது. அக்காவின் முகம் செத்துப்போயிற்று. மஞ்சள் கிண்ணத்தைப் பாயிலிருந்து எடுத்து ஒரு மூலையில் வைத்தார். எல்லாவற்றுக்கும் முதலாவதாக, நிறையவே மஞ்சள் வைத்திருந்தது அவருடைய சொந்த அட்டைக்கு.

நான் பாயிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினேன். பிறகு அக்காதான் கேட்டார்: “நனைஞ்ச சீலையைச் சூட்டிலை மினுக்கி எடுக்கிறமாதிரி இதை மினுக்கேலாதோ?”

செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அட்டைகளைத் துணிகளுக்கு இடையில் அடுக்கி, மேலே பலகை வைத்து, பலகைமேல் ஆட்டுக்கல்லை ஏற்றி இரவு முழுக்க விட்டோம். ஞாயிறு விடிந்ததும் மூன்று வீடுகளிலிருந்து உடுப்பு மினுக்கும் கரி இஸ்திரிப்பெட்டிகள் வந்தன. சூடு கூடினால் அட்டை கருகும், குறைந்தால் சுருள் போகாது. பெண்கள் இஸ்திரிப்பெட்டியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துச் சூடு பார்த்து, துணிக்கு மேலால் மூலை மூலையாக அழுத்தினார்கள். அக்கா வாய்க்குள் வற்றாப்பளை அம்மாளை அழைத்துக்கொண்டேயிருந்தார். நான் ஒவ்வோர் அட்டையையும் மேசையில் வைத்துக் கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அநேகமானவை படிந்தன. அக்காவின் அட்டை மட்டும் ஒரு பக்கம் எழும்பியபடியே நின்றது.

பகல் வண்டியைப் பிடிக்க ஓவசியர் ஜீப்பில் கொண்டுபோய் விட்டார். அக்காவும் கூட வந்து மேடையில் நின்றார். “என்ரை பிழையாலை ஊருக்கு நெல்லு இல்லாமல் போச்செண்டால் நான் இந்த ஊரிலை எப்பிடி முழிக்கிறது, தங்கச்சி?” என்றார். அவர் கையைப் பிடித்தேன். “போன உடனை அறிவிக்கிறன்” என்றேன். மாங்குளம் தாண்டும்போது யன்னலில் முதல் துளிகள் விழுந்தன. பெட்டியை என் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். தூறல்தான். அதுவும் நின்றுவிட்டது.

திங்கள் காலை இயந்திர அறை வழமைபோலக் குளிராக இருந்தது, எனக்கு மட்டும் வியர்த்தது. இயந்திரம் பார்க்கும் பெரேரா முதல் அட்டைக்கட்டை எடுத்து மூக்கருகே பிடித்து, பன்னீர் வாசத்தில் புருவத்தை உயர்த்தினார். நான் கடிகாரத்தைக் காட்டினேன். பொத்தானை அழுத்தினார். அட்டைகள் சடசடவென்று உள்ளே போயின, சீட்டுகள் வெளியே வந்தன. இரண்டாவது கட்டும் போயிற்று. கடைசிக் கட்டின் நடுவில் ஒரு கடிபடும் சத்தம், இயந்திரம் நின்றது. பெரேரா மூடியைத் திறந்து கசங்கிக் கிழிந்த ஓர் அட்டையை இழுத்தெடுத்தார். பெயரைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். உருளைகளெல்லாம் மஞ்சளாகிக் கிடப்பதாக அவர் முணுமுணுத்தார், துடைக்க இப்போது நேரமில்லை என்றார்.

கிழிந்த துண்டில் இருந்த பெயரையும் மூன்று ஏக்கரையும் பார்த்து நானே துளையிடும் பொறியின் முன் அமர்ந்து புதிய அட்டை ஒன்று அடித்தேன். அவசரத்தில் முதல் அட்டை பிழையாகிவிட்டது, இரண்டாவது சரியாக வந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியாக அது ஓடியது. அக்காவின் சீட்டும் அச்சாயிற்று. அன்று மாலையே சீட்டுகள் வண்டி ஏறின, ஓவசியருக்கு ஒரு தந்தியும் அடித்தேன். அக்காவின் புதிய அட்டையை மட்டும் மற்றவற்றோடு வைக்க மனம் வராமல் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு கொழும்பில் வானம் மூடினாலும் எனக்கு வன்னியின் உழுத வயல்தான் நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் மழை என்றால் குடை, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துக் கிளிநொச்சித் தபாற்கந்தோரிலிருந்து ஓவசியர் தொலைபேசியில் கூப்பிட்டார். இரைச்சலுக்கு நடுவே, “நெல்லு வந்திட்டுது மிஸ்! எல்லாருக்கும் அளந்தாச்சு. மழை நேற்றுத்தான் இறங்கினது” என்று கத்தினார். கதிரையில் சாய்ந்துகொண்டேன். அக்கா பக்கத்தில்தான் நிற்கிறாராம். அவருடைய அட்டை கிழிந்துபோனதையும் புதிதாக ஒன்று அடித்ததையும் சொன்னேன். மறுமுனையில் ஏதோ கதை நடந்தது.

“மிஸ், புது அட்டைக்கு மஞ்சள் வைச்சதோ எண்டு அக்கா கேக்கச் சொல்லுறா.”

கண்ணாடிக்குக் கீழே பார்த்தேன். யாரும் மஞ்சள் தொட்டு வைக்காத அட்டை அது. அதன் ஓரத்தில், உருளைகள் பிடித்து இழுத்த இடத்தில், மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று ஓடியிருந்தது.

“ஓம், வைச்சாச்சு எண்டு சொல்லுங்கோ” என்றேன்.