மலர் அக்காவின் ருஷ்ய கேசட்

கேசட் சுழலத் தொடங்கியதும் முதலில் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் வரும், பிறகு பியானோவில் இரண்டு மூன்று மெல்லிய தட்டல்கள், அதற்கும் பிறகுதான் தொண்டை கட்டிய ஆணின் குரல்போல அந்தச் செல்லோ எழும்பும். பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் எங்கள் ஏழாம் மாடி வீட்டுக்குள், கீழே மோட்டார்சைக்கிள்கள் உறுமிக்கொண்டிருக்க, என் அக்கா மலர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்பாள். துறைமுகத்தில் லாரி ஓட்டிய அப்பா அதற்குச் 'சாவு வீட்டுச் சத்தம்' என்று பெயர் வைத்திருந்தார்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அவள் பள்ளி இசைக்குழுவில் வயலினுக்கு ஆள் நிறைந்துவிட்டதால், வயலினைப்போலவே இருந்தாலும் பல மடங்கு பெரியதான, தூக்கிச் சுமக்க யாரும் விரும்பாத செல்லோவை உயரமாக இருந்த அவளிடம் கொடுத்தார்கள். பியானோ வாசிக்கும் ஊய் டீச்சர், தம்மிடமிருந்த ருஷ்ய இசைத்தட்டுகளைக் கேசட்டுகளில் பதிந்து தந்தார். எல்லாமே செல்லோவும் பியானோவும் மட்டும் சேர்ந்து வாசிப்பவை. அக்கா அவற்றைத் தேயத் தேயக் கேட்டாள். அதுவரை எனக்குத் தலை வாரிவிட்டு, 'பாசார் மாலாம்' இரவுச் சந்தைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனவள், பிறகு என் பக்கம் திரும்பவேயில்லை. அறையில் நான் பாய் விரிக்கும் இடத்தில் செல்லோப் பெட்டி படுத்துக்கொண்டது; நான் கூடத்துக்கு மாறினேன். எனக்கு அப்போது பத்து வயது. அந்தப் பெட்டியை நான் எவ்வளவு வெறுத்தேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

வெளிநாட்டு இசைக்கல்லூரி ஒன்றின் உதவித்தொகைக்கு வாசித்துப் பதிந்து அனுப்ப வேண்டியிருந்தது. பள்ளி மண்டபத்தில் மூன்று வாரம் திரும்பத் திரும்ப வாசித்து, அந்த ருஷ்ய இசையின் மெதுவான பகுதியை அக்காவும் டீச்சரும் ஒரு கேசட்டில் பதிந்தார்கள். திங்கட்கிழமை தபாலில் சேர்க்கக் கடைசி நாள். அதற்கு முன் அப்பாவுக்கு ஒருமுறை போட்டுக்காட்ட ஆசைப்பட்டு, சனிக்கிழமை அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

மறுநாள் காலை அவள் டியூஷனுக்குப் போயிருந்தாள். வானொலியின் நேயர் வாழ்த்து நிகழ்ச்சிக்கு அப்பா அட்டை எழுதிப் போட்டிருந்தார். எங்கள் பெயர்களை அன்று வாசிக்கப் போகிறார்கள். நிகழ்ச்சி தொடங்கியதும் அதைப் பதிந்துவைக்கப் பரபரத்தார். "பாப்பா, காலி கேசட் ஒன்னு கொண்டா, சீக்கிரம் லா!"

காலிக் கேசட் இழுப்பறையில் இருந்தது. நான் எடுத்தது அக்காவின் கேசட்டை. யாரும் அழித்துவிடாதபடி அதன் விளிம்பிலிருந்த சிறு தடுப்பை அக்கா உடைத்து வைத்திருந்தாள். அந்தப் பள்ளத்தின்மேல் டேப் துண்டு ஒட்டினால் மறுபடி பதியலாம் என்று எனக்குத் தெரியும். ஒட்டினேன்.

அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். "இது அவ இழுக்குறதுதானே?"

"அது வேணாததுப்பா. நல்லது வேற இருக்கு" என்றேன்.

அறிவிப்பாளர் எங்கள் பெயர்களை வாசித்தார். மலர்விழி என்ற பெயரைத்தான் முதலில் சொன்னார். பிறகு ஒரு சினிமாப் பாட்டு.

மத்தியானம் வந்து கேசட்டைப் போட்டுப் பார்த்த அக்கா கத்தவில்லை. "யாரு?" என்று மட்டும் கேட்டாள். நான் கதவோரம் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது எனக்கு இன்றும் தெரிகிறது.

"நான்தாம்மா. தெரியாம அழிச்சிட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை அவசரமாக மறுபடி பதியப் பார்த்தார்கள். அக்கா பாதியிலேயே வில்லைக் கீழே வைத்துவிட்டாளாம். அந்த வாரமே செல்லோவைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்தாள். பள்ளி முடிந்ததும் தொழிற்சாலை வேலை, பிறகு கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் கல்யாணம். அப்பாவை அவள் மறுபடி 'அப்பா' என்று கூப்பிடவேயில்லை. கடைசியில் அவர் படுக்கையில் கிடந்தபோது வந்து கஞ்சி ஊட்டினாள், மாத்திரை கொடுத்தாள். ஒரு சொல் பேசவில்லை. அப்பா என்னைக் காட்டிக்கொடுக்காமலே போய்ச் சேர்ந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அந்த அடுக்குமாடியில் எங்களைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. ஊய் டீச்சர் எங்கே போனார் என்றும் தெரியாது. அந்த ருஷ்ய இசையைத் தேடினால் கைப்பேசியில் இருபது பேர் வாசித்தது வருகிறது. அக்கா வாசித்தது மட்டும் எங்கும் இல்லை.

போன மாதம் அவளைக் காரில் தீவுக்குக் கூட்டி வந்தபோது, பாலத்தின்மேல் அதில் ஒன்றைப் போட்டேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன், டேப் துண்டு ஒட்டியது உட்பட.

அக்கா கேட்டாள்: "அப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாம்ல?"